கையால் இரண்டு சுற்று

செம்பாக்கத்தில் கிளியம்மாள் வீட்டு மாடியில் குடியிருந்த குமரேசன் கை வைத்தால் எந்த ரிப்பேரும் சரியாகிவிடும் என்று தெருவே பேசிக்கொண்டது. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அவன் மனைவி வினிதாவுக்கு மட்டும் தெரியும். அவள் அதை உளுத்தம்பருப்பு டப்பாவில் ஒளித்து வைத்திருந்தாள்.

குமரேசன் பதினாறு வருடம் மறைமலை நகர்ப் பக்கம் கார்களுக்கு சீட்டு செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தவன். வேலை என்னவென்றால், பெல்ட்டில் சீட்டின் இரும்புச் சட்டம் வரும். அதில் நான்கு போல்ட்டுகளை வைத்து, கையால் இரண்டு சுற்று. மரை நேராகப் பிடித்ததா, கோணலாக ஏறியதா என்பது விரல் நுனிக்குத் தெரிந்துவிட வேண்டும். தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இறுக்குவது அவன் வேலையில்லை. அடுத்த இடத்தில் நிற்கிறவன் காற்றழுத்தத்தில் சுழலும் ஸ்பேனர் துப்பாக்கியை வைத்து 'டர்ர்' என்று இறுக்கிவிடுவான். அதற்குள் குமரேசன் "அடுத்தது!" என்று கையைத் தட்டிக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போயிருப்பான். அவன் விரல் பட்ட போல்ட்டுகளை ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையாக அடுக்கினால் திண்டிவனம் வரைக்கும் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, மறு ஓரமாகத் தாம்பரம் திரும்பி வந்துவிடலாம். அத்தனையிலும் மரை கோணல் என்று ஒரு சீட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. இதில் நான் ஒரு போல்ட்டுகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு, வைப்பதையும் இறுக்குவதையும் சேர்த்தே செய்யும் மெஷின் ஒன்று வந்தது. குமரேசனுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவன் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்தான். நாள்கணக்கில் பார்த்தான். அவன் பார்த்த பார்வையில் விசிறிக்கே கூச்சமாகி வேகம் குறைந்தது. வினிதா கேம்ப் ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போட்டு வந்த சம்பளத்தில் வீடு நொண்டியது. சோற்றைப் போட்டு வைத்தால் பாதித் தட்டோடு எழுந்துவிடுவான். வேறெங்காவது போய் வேலை கேளுங்கள் என்றால், "நாப்பது வயசுக்கு மேல எவன் எடுப்பான்?" என்பான்.

ஒரு நாள் சமையலறைக் குழாய் ஒழுகியது. பிளம்பர் வந்து வண்டியை ஓரமாக நிறுத்துவதற்கே முந்நூறு ரூபாய் கேட்பார், குழாயைப் பார்ப்பதற்குத் தனி. குமரேசன் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தான். பத்து ரூபாய்க்கு வாஷர் வாங்கி வந்து, பழையதைப் பிடுங்கி, புதியதைப் போட்டு, குழாயைத் திரும்ப மாட்டினான்.

"நானே பண்ணிட்டேன் வினி! எவனையும் கூப்பிடல!"

அன்று அவன் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டான். ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தான். கல்யாணமான புதிதில் பார்த்த முகத்தை வினிதா அன்றுதான் மறுபடியும் பார்த்தாள்.

அவன் பால் வாங்கக் கீழே இறங்கியதும் பாத்திரம் கழுவப் போனாள். குழாய் அவள் கையோடு சேர்ந்து சுற்றியது. இன்னும் ஒரு திருகு திருகியிருந்தால் தண்ணீர் கூரையைப் பொத்துக்கொண்டு போய், பயிற்சிக்குப் பறக்கிற தாம்பரம் விமானப்படை விமானத்தின் வயிற்றைக் கழுவியிருக்கும். தொட்டியின் ஓரத்திலேயே ஸ்பேனர் கிடந்தது. இந்த ஒரு தடவை மட்டும் என்று நினைத்துக்கொண்டு, தம் பிடித்து இறுக்கினாள்.

மறுநாள் குக்கர் கைப்பிடி. அதற்கு அடுத்து ஃப்ளஷ் தொட்டி. விசிறிக்கு கெப்பாசிட்டர். ஆன்லைனில் தள்ளுபடியில் வந்த கட்டிலை ஆள் வைக்காமல் அவனே ஜோடித்தான். ஒவ்வொன்றிலும் போல்ட்டை வைப்பான், கையால் இரண்டு சுற்று, மரை பிடித்தது தெரிந்ததும் "அடுத்தது!" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். ஸ்பேனரை எடுத்து ஒப்புக்கு ஒரு தொடு தொடுவான், அவ்வளவுதான். பதினாறு வருடப் பழக்கம். பக்கத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நிற்பதாக அந்தக் கைகள் நம்பின. நின்றது வினிதாதான். அவன் குளிக்கும்போது விசிறிக்கு ஸ்டூல் போட்டு ஏறினாள். அவன் கடைக்குப் போனால் கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். அவன் தன் சாமான்களைப் பெட்டியில் பூட்டி வைக்க ஆரம்பித்ததும், தாம்பரம் ஸ்டேஷன் ஓரத்து நடைபாதையில் தனக்கென்று ஒரு ஸ்பேனர் வாங்கி உளுத்தம்பருப்புக்குள் புதைத்தாள்.

குமரேசனின் புகழ் மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கும் இறங்கியது. கிளியம்மாளுக்கு ஒரு காலத்தில் ஏரிக்கரையில் நெல் விளைந்த நிலம் இருந்தது. இப்போது அதே இடத்தில் வாடகை விளைகிறது. குடித்தனக்காரனே இலவசமாக ரிப்பேர் பார்த்தால் அவளுக்குக் கசக்குமா?

"இன்னாம்மா வினிதா, உன் வூட்டுக்காரர் கை வெச்சா சும்மா கல்லு மாதிரி நிக்குது! அந்த பிளம்பர் வந்துட்டுப் போனா ஒரே பேஜாரு."

கிளியம்மாள் வீட்டு பாத்ரூம் குழாயைக் குமரேசன் சரிசெய்த அன்று, வினிதா கறிவேப்பிலை கொடுக்கிற சாக்கில் கீழே போனாள். நேராக பாத்ரூமுக்குள் நுழைந்துவிட்டாள்.

"கறிவேப்பிலைய அங்க எங்க எத்துகினு போற?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"கால்ல சேறு அக்கா, கழுவிக்கறேன்."

"மாடிலேந்து இறங்கி வர்றவளுக்குச் சேறு எங்கேந்துமா வந்துச்சு?"

உள்ளே இறுக்குகிற சத்தம் கேட்காமலிருக்க வினிதா வாளியை உருட்டினாள்.

இந்தப் புகழ்தான் ஐசக்கைக் கூட்டி வந்தது. ஆன்லைனில் விற்கும் மேஜை நாற்காலிகளை வீடு வீடாகப் போய் ஜோடித்துக் கொடுக்கிற ஆட்களுக்கு ஐசக் சூப்பர்வைசர். அடுத்த தெருக்காரர். கிளியம்மாள் சொன்னதைக் கேட்டு மாடி ஏறி வந்தவர், கட்டிலில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆட்டினார்.

"யாரு ஜோடிச்சது?"

"நான்தான் சார்," என்றான் குமரேசன்.

"கிரீச்னு ஒரு சத்தம் இல்லையேப்பா! எங்க பசங்க போட்ட கட்டில் ஒரே வாரத்துல பாட்டு கச்சேரி வெக்கும். சனிக்கிழமை மாடம்பாக்கத்துல ஒரு டீச்சர் வீட்டுல டைனிங் டேபிள், ஆறு சேர். தனியா பண்ணிக் காட்டு. நல்லா வந்தா திங்கக்கிழமை ஐடி கார்டு. பி.எஃப். எல்லாம் உண்டு."

அவர் போனதும் குமரேசன் ஆணியில் தொங்கிய பழைய கம்பெனியின் கழுத்துப் பட்டையை எடுத்து சோப்புப் போட்டுத் துவைத்தான். புது கார்டை அதிலேயே மாட்டிக்கொள்ளலாமாம்.

மாடம்பாக்கத்தில் எந்த வாளியை உருட்டுவது? வெள்ளிக்கிழமை வினிதா மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, நாளைக்கு எல்லாத்தையும் நல்லா இறுக்கிட்டு வாங்க."

"மரை பிடிச்சிட்டா அது தானா ஓடிடும் வினி."

"தானா எப்படிங்க ஓடும்? யாராவது ஓட்டணுமில்ல."

"பதினாறு வருஷம் போல்ட்டோட குடும்பம் நடத்தினவன்கிட்ட பில்லு போடறவ கிளாஸ் எடுக்கறியா?" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சிவன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவன் வண்டியின் பின்னால் ஏறி மாடம்பாக்கம் போனாள். கும்பிட்டது இரண்டே நிமிடம்தான்; அவன் வேலை முடிகிற நேரம் வரைக்கும் கோயில் மண்டபத்தில் காத்திருந்தாள். அம்மன் சந்நிதியில் வாங்கிய குங்குமத்தை நெற்றியில் இட்டு, மீதியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு டெபோரா டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றாள். வேலை முடிந்திருந்தது. மேஜையும் ஆறு நாற்காலிகளும் கல்யாணத்துக்குக் கிளம்பியவை மாதிரி பளபளத்தன. குமரேசன் காலி அட்டைப் பெட்டிகளை வெளியே அள்ளிக்கொண்டிருந்தான்.

"அவர் வைஃபா? வாங்கம்மா, உட்காருங்க. புது சேர்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்," என்றார் டெபோரா டீச்சர். "காபி சாப்பிடுவீங்கல்ல?"

"சாப்பிடறேன் டீச்சர். டிகாஷன் மெதுவா இறங்கட்டும், அவசரமே இல்ல."

"இன்ஸ்டன்ட்தாம்மா, ரெண்டு நிமிஷம்."

வினிதா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவளுக்குக் கீழே தொட்டில் மாதிரி ஆடியது. டீச்சர் உள்ளே போனதும் எழுந்து அதைச் சாய்த்தாள். தரையில் கிடந்த, போல்ட் திருகும் வளைந்த சாவியை எடுத்து, அடியிலிருந்த நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்து இறுக்கினாள். நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தபோது டீச்சர் தட்டோடு வந்துவிட்டார்.

"ஏன்மா மாறிட்டீங்க? அங்க காத்து வரலையா?"

விசிறியைப் போட்டுவிட்டு டீச்சர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். மறுநாள் தம்பி குழந்தைக்கு ஞானஸ்நானம், ஊரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், இந்த மேஜை அதற்காகத்தான் என்றார். மூன்றாவது நாற்காலிக்கு மாற வினிதா ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே குமரேசன் வந்து, "கிளம்பலாமா?" என்றான். வழியெல்லாம் அவன் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் இறுக்காமல் விட்ட ஐந்து நாற்காலிகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மாடம்பாக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். விருந்தாளிகள் புது மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரியாணி வந்தது. ஒரு பெரியவர் நீளமாக ஜெபம் செய்தார். எல்லாரும் "ஆமென்" என்று சொன்ன அதே கணத்தில் ஐந்து நாற்காலிகளும் ஒன்றாக முழங்கால் போட்டன. மேஜை சற்று நேரம் யோசித்தது. பிறகு அதுவும் பக்தியோடு பிரியாணிச் சட்டியைச் சாய்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாளையங்கோட்டைப் பெரியப்பா மூன்று ஆள் எடை. அவர் மட்டும் ராஜா மாதிரி அமர்ந்தபடி, கையிலிருந்த கோழிக்காலைக் கடித்து முடித்தார். யாருக்கும் எலும்பு முறியவில்லை. முறிந்தது வேறு.

திங்கட்கிழமை காலை குமரேசன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தான். ஐசக் ஸ்கூட்டரில் வந்தார். கார்டு கொண்டுவரவில்லை. ஒரு நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நடந்ததைச் சொன்னார்.

"அஞ்சு சேர் போல்ட்டையும் விரலாலயே கழட்டிட்டேன்பா. வேணும்னே பண்ணியா?"

"இல்ல சார்... மரையெல்லாம் சரியா பிடிச்சிருந்துச்சே?"

"பிடிச்சிருந்துச்சு. ஒரு கோணல் இல்ல. அதான் எனக்குப் புரியல. இது ஒன்னு மட்டும் சாவி போட்டாலும் மசியல. அடியில பாரு."

நாற்காலியைக் கவிழ்த்தார். நான்கு போல்ட்டுகளின் தலையிலும் குங்குமம் அப்பியிருந்தது.

"உனக்கு என்னா, பொட்டு வெச்சாத்தான் இறுக்க வருமா?" என்றார் ஐசக். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "நான் வேற ஆள் பாத்துட்டேன். எனக்கே மேல பதில் சொல்ல முடியல."

நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு அவர் போன பிறகு குமரேசன் அந்தக் குங்குமத்தைப் பார்த்தான். வினிதாவின் நெற்றியைப் பார்த்தான். சமையலறைக்குப் போய்க் குழாயை விரலால் திருகினான். அசையவில்லை. குக்கர் கைப்பிடி, ஃப்ளஷ் தொட்டி, கட்டில் கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். வீடே கல்லாக இறுகிக் கிடந்தது.

"எதுல இறுக்கின?"

அவள் டப்பாவைக் கவிழ்த்தாள். பருப்போடு ஸ்பேனர் வந்து விழுந்தது.

"எத்தனை நாளா?"

"முதல் குழாய்லேந்து."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"அன்னிக்கு நீங்க மூணு தடவை சோறு போட்டுக்கிட்டீங்க."

அவன் கழுத்திலிருந்த பட்டையைக் கழற்றினான். "அப்போ நான் எதையுமே பண்ணல."

"பாதி பண்ணீங்க. மீதிய இப்ப கத்துக்கலாங்க. நான் சொல்லித் தரேன். ஐசக் சார்கிட்ட நான் போய்..."

"வேணாம் வினி. எனக்குத் தெரிஞ்ச பாதிக்குத்தான் மெஷின் வந்துடுச்சே."

அதன் பிறகு அவன் எந்தச் சாமானையும் தொடவில்லை. கிளியம்மாள் மோட்டார் ஓடவில்லை என்று கீழிருந்து கத்தினால், "பிளம்பரைக் கூப்பிடுங்க," என்பான். பகலெல்லாம் பழையபடி விசிறியைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். சோறு பாதித் தட்டில் நின்றுபோனது.

ஒரு நாள் மத்தியானம் அவன் கீழே போயிருந்தபோது வினிதா ஸ்பேனரோடு கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். அவள் இறுக்கிய போல்ட்டுகளில் ஒன்றை, அவன் கையால் சுற்றி விட்டிருந்த அளவுக்குத் தளர்த்தினாள். சத்தம் கேட்டால் எழுந்திருப்பான், எரிச்சலிலாவது ஒரு தடவை குனிந்து பார்ப்பான் என்று நினைத்தாள். ஸ்பேனரை அவன் கண்ணில் படும்படி ஜன்னல் திண்டில் வைத்தாள்.

குமரேசன் வந்து படுத்தான். கட்டில் கிரீச்சிட்டது. புரண்டான், மறுபடியும் கிரீச்சிட்டது. ஸ்பேனர் இருந்த பக்கம் அவன் கண் போனதை அவள் சமையலறையிலிருந்து பார்த்தாள்.

அவன் எழுந்தான். மூலையிலிருந்த பாயை எடுத்துத் தரையில் விரித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

வினிதா அந்த போல்ட்டை மறுபடியும் இறுக்கவில்லை. அவள் மட்டும் படுக்கிற அந்தக் கட்டில் இப்போதும் கிரீச்சிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.