கூரைக் குப்பைக்கு எடுத்த கொன்டெய்னர்

இது நடந்து இரண்டு கோடை போய்விட்டது. கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் எங்கள் வீட்டின் கூரையை மாற்றிய நேரம். கீழ் வீட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம். மேல் வீட்டில் நானும் என் கணவரும், பாரிசவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அவருடைய அப்பாவும். இந்த ஊர் வீடுகளின் படிக்கட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும், வெளிப்பக்கத்தில் இரும்பில் வளைந்து வளைந்து இறங்கும். மாமாவைக் கீழே இறக்குவதென்றால் அம்புலன்ஸ்காரருக்கே மூச்சு வாங்கும். அதனால் கூரை வேலை நடக்கும்போதும் அவர் மேலேயே இருக்கட்டும் என்று விட்டோம்.

எங்களுடையது தாரும் சரளைக்கல்லும் போட்ட தட்டைக் கூரை. பிடுங்கினால் மலை மாதிரிக் குப்பை வரும். அதை அள்ளிப் போட ஒரு கொன்டெய்னர், பெரிய இரும்புத் தொட்டி, வாடகைக்கு எடுக்க வேண்டும். என் கணவர் எதையும் அளந்து செய்கிற ஆள். கூரை வேலைக்காரரிடம் கேட்டு, எங்கள் கூரைக்குச் சரியான அளவில் ஒன்றைப் பிடித்தார். மேலிருந்து நேராகப் போடக்கூடியதாக வீட்டுச் சுவரோடு வைப்பித்தார். கார் நிற்கும் இடத்துத் தார் நசியாமல் அடியில் பலகை போட்டார். பின்கதவு தெருப்பக்கம் திறக்க வேண்டும் என்று லொறிக்காரரோடு தெரிந்த பிரெஞ்சில் மல்லுக்கட்டினார். எல்லாம் வடிவாய்த்தான் செய்தார்.

பிழை விட்டது ஒரு இடத்தில்தான். கொன்டெய்னர் வந்தது சனிக்கிழமை, வேலை தொடங்குவது திங்கட்கிழமை. இடையில் அது வெறுமையாக நின்றது. எங்கள் ஆட்களுக்கு இது போதாதா? சனி பின்னேரமே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. "கொன்டெய்னர் எடுத்திருக்கிறியளாம், எங்கட பழைய மெத்தை ஒண்டு கிடக்கு." இவருக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது. "கொஞ்ச இடம் மிஞ்சும், கொண்டு வாங்கோ" என்று எல்லோருக்கும் சொன்னார். அலுமாரி வந்தது, உடைந்த மேசை வந்தது, யாருடையதோ பேஸ்மென்ட் கம்பளம் ஊறின மணத்தோடு வந்தது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே எனக்குக் கை விட்டுப் போயிற்று.

ஞாயிறு மத்தியானம் இவருடைய மச்சான் ஒருவர் பெரிய சோபா செற்றியோடு வந்து இறங்கினார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அதுவரை அடக்கி வைத்த கோபமெல்லாம் அவர் தலையில் விழுந்தது. பல்கனியில் நின்றபடியே, "அண்ணை, இது கூரைக்குப் பிடிச்சது. ஊரில உள்ள ஆக்களின்ர குப்பைக்கில்லை" என்றேன். தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. செற்றியைக் கொன்டெய்னரின் பின்கதவுக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டார். சொன்னது நியாயம்தானே என்று நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் வந்த கூரை வேலைக்காரரின் பொறுப்பாளர் கொன்டெய்னரை எட்டிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். மத்தியானத்துக்கிடையில் கூரை முழுவதையும் உரித்துவிட்டார்கள். அதோடு கொன்டெய்னரும் நிரம்பிவிட்டது. மிச்சத் தாரும் கல்லும் மேலேயே குவியலாகக் கிடந்தன. அவற்றை இறக்காமல் புதுக் கூரை விரிப்புப் போட முடியாது. இன்னொரு கொன்டெய்னர் நாளைக்குத்தான் என்றார்கள். மேற்குப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடம் எடுத்துத் தந்தால் மழைக்கு முதல் மூடப் பார்க்கிறேன், இல்லையென்றால் தறப்பாளால் மூடுவதுதான், அதற்கு நான் பொறுப்பில்லை என்றார் பொறுப்பாளர்.

எந்த அறைக்கு மாமாவை மாற்றுவது? எல்லா அறைக்கு மேலும் திறந்துதான் கிடந்தது. அந்தச் செற்றியையும் அலுமாரியையும் வெளியே இழுக்க நாங்கள் இரண்டு பேர் காணாது. வேலை நாள் வேறு. கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் வேலை செய்பவர் அண்ணை ஒருவர்தான். "நீங்கள் எடுங்கோ" என்று இவரிடம் போனை நீட்டினேன். "ஏசினது நீர். நீர்தான் கதைக்க வேணும்" என்றார். வாழ்க்கையில் அவர் எனக்கு இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான்.

எடுத்தேன். "அண்ணை, நேற்றுக் கதைச்சதை மனசில வைக்காதேங்கோ. கூரை திறந்து கிடக்கு, மழை வரப் போகுது" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"மாமா மேலயோ?"

"ஓம் அண்ணை."

"வாறன், வையுங்கோ."

அவ்வளவுதான். வேலை உடுப்போடு வந்தார். வழியிலேயே யார் யாருக்கோ போன் அடித்திருக்கிறார். மெத்தை போட்டவர் வான் வண்டியோடு வந்தார், கம்பளம் போட்டவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்கதவைத் திறந்து, அவரவர் போட்டதை அவரவர் இழுத்து எங்கள் புல்தரையில் அடுக்கினார்கள். முன்பக்கம் குவிந்திருந்த கல்லைச் சவள் மண்வெட்டியால் பின்னுக்குத் தள்ளி இடம் எடுத்தார்கள். ஒருவரும் என்னிடம் கோபத்தைக் காட்டவில்லை. ஒரு சொல் குத்தலாகச் சொல்லியிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மேலே புது விரிப்பை மாமாவின் அறைப் பக்கத்திலிருந்து போடத் தொடங்கினார்கள். அண்ணை ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போய்விட்டார். ஒழுகத் தொடங்கினால் மாமாவை அதில் இருத்தி, தானும் இவருமாகப் படியால் இறக்குவதாக முடிவு. மழை வந்தபோது சமைக்கிற குசினிக்கு மேல் மட்டும் மூடி முடியவில்லை. அங்கே சட்டி வைத்தேன். மாமாவின் அறையில் ஒரு சொட்டும் விழவில்லை. மழை விட்ட பிறகுதான் அண்ணை எழுந்து வேலைக்குத் திரும்பிப் போனார்.

இப்போதும் யாராவது "உங்கட வீட்டில கொஞ்சம் இடம் இருக்கோ" என்று கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது, அதை மறைக்கவும் தெரியாது. ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லை. அன்றைக்கு என்னிடம் இல்லை என்று சொல்ல அண்ணைக்கு நானே நல்ல காரணம் ஒன்றைக் கொடுத்திருந்தேன், அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.