புறாவுக்குத் தீனி போட்டவர்

பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன இரண்டாம் வருஷம் புறாக்கள் வந்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது நான் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியன். மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஓர் அறை இருந்தது. அதில் ஒரு தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். அவர் பக்கத்துத் தெருவில் பம்ப் செய்யும் பட்டறையில் ஃபிட்டர். அந்தம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பார்.

முதலில் ஆறு புறாக்கள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஷீட்டுக்கு அடியில் கூடு, தண்ணீர்த் தொட்டியின் மூடியில் எச்சம், காயப்போட்ட துணியில் எச்சம். என் மனைவிக்கு இளைப்பு உண்டு. எச்சம் காய்ந்து தூசியாகப் பறப்பது ஆகாது என்று டாக்டர் சொன்னார். பழைய கேசட் நாடாவை உருவி மாடியின் குறுக்கே இழுத்துக் கட்டினேன். ஆடிக் காற்றில் அது விர்ரென்று அதிர்ந்தது. இரண்டு நாள் புறா வரவில்லை. மூன்றாம் நாள் நாடாவுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தன.

"ஏனுங்க சார், பாட்டுக் கேக்க அக்கம்பக்கத்துப் புறாவையெல்லாம் கூட்டீட்டு வந்திருச்சாட்ட இருக்குதுங்க" என்றார் ஃபிட்டர். நானும் சிரித்தேன்.

அப்புறம் கம்பிவலை அடிக்க ஓர் ஆளைக் கூட்டிவந்தேன். அவன் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வலை அடிக்கலாமுங்க. ஆனா தீனி இல்லாத எடத்துல இத்தனை நிக்காதுங்க. ஆரோ போடறாங்க" என்றான்.

என் பார்வை நேராகக் குடியிருந்தவர்களின் கதவுக்குப் போனது.

அம்மா இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகவில்லை. தினமும் காலை எட்டரைக்குச் சோறு வடித்ததும், நான் சாப்பிடும் முன் காக்கைக்கு வைப்பேன். ஒரு பிடி போதும். அம்மா பசி தாங்கமாட்டாள் என்று நினைத்து, நான் கிண்ணம் நிறையப் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து மாடிக் கைப்பிடிச் சுவரில் வைப்பேன். கூப்பிட்டதும் ஒரு காக்கை வந்து வாய் வைக்கும். உடனே இறங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிப்பேன். மாலையில் பார்த்தால் சுவர் துடைத்தாற்போல் இருக்கும். மனதுக்கு நிம்மதியாக இருக்கும். காக்கைக்கு வைப்பதைத் தீனி என்று நினைக்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. எதையும் கடைசிவரை நின்று கவனிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் அந்தக் கிண்ணத்தோடேயே அந்தம்மாவைக் கேட்டேன்.

"புறாவுக்கு அரிசி போடறீங்களா அம்மணி?"

"இல்லீங்க சார். நாங்களே ரேசன் அரிசியில கல்லுப் பொறுக்கித் திங்கறோம். புறாவுக்கு எங்கீங்க போடறது?"

"வேற ஆரு இருக்கறாங்க மாடியில?"

"சாமி சத்தியமா நான் போடலீங்க."

அன்று மாலை ஃபிட்டரைக் கூப்பிட்டேன். போட்டதை ஒத்துக்கொண்டு நிறுத்திவிட்டால் போதும், தொடர்ந்து இருக்கலாம் என்றேன். அது பெரிய மனது என்றுதான் நினைத்தேன்.

"எம்பட ஊட்டுக்காரி பொய் பேசமாட்டாங்க சார். செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லி இங்க இருக்கறதுக்கு, நாங்க வேற ஊடு பாத்துக்கறோமுங்க" என்றார்.

மாதம் முடிவதற்குள் போய்விட்டார்கள். போகும்போது அந்தம்மா அறையைக் கழுவிவிட்டுச் சாவியை என் மனைவியிடம் கொடுத்தார். என்னிடம் பேசவில்லை.

புறாக்கள் போகவில்லை. அடுத்த வாரம் ஒரு காலை, சோறு வைத்த இடத்தில் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, எடுக்கத் திரும்ப ஏறினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. காக்கை தொட்டித் திட்டில் தள்ளி உட்கார்ந்திருந்தது. சுவரில் இடமில்லாமல் புறாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தின்றன. நெய் பட்டு அவற்றின் அலகு பளபளத்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. மாடி ஏற முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி, மறுநாள் முதல் சோற்றை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிடி மட்டும் வைத்து, காக்கை தின்று முடிக்கும்வரை நின்றேன். ஒரு மாதத்தில் மாடி காலியாகிவிட்டது.

ஃபிட்டரை மறுபடி பார்த்தது மேட்டுப்பாளையம் ரோட்டில், பஸ் ஸ்டாப்பில். வீடு தொலைவில் கிடைத்ததால் இப்போது பஸ்ஸில் வந்து போவதாகச் சொன்னார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"புறாவெல்லாம் போயிருச்சுங்களா சார்?"

"போயிருச்சு" என்றேன். அது உண்மைதான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாங்க போனதுக்கப்புறம் போயிருச்சுன்னா, அவதானுங்க போட்டிருக்கோணும். எங்கிட்டயும் இல்லீன்னு சத்தியம் பண்ணுனா. நானும் நம்பி உங்ககிட்ட எதுத்துப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க சார்."

போட்டது நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஒரு பட்டறைக்காரர் முன்னால் படித்தவன் அப்படிச் சொல்வதா என்ற எண்ணம்தான் தடுத்தது. வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. "பரவாயில்ல விடுங்க" என்றேன். அதாவது, அவரை மன்னித்தேன்.

வீட்டுக்குப் போய் அவர் அந்தம்மாவிடம் என்ன கேட்டார் என்று தெரியாது. அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று பட்டறையில் கேட்டால் சொல்லியிருப்பார்கள். அந்தப் பட்டறை வழியாகத்தான் பல வருஷம் தினமும் நடந்தேன். ஒரு நாளும் நின்று கேட்கவில்லை.