கூட்டல் குறியின் படுக்கைக் கோடு

செல்போன் ஊருக்குள் வந்த புதிதில், சிவகாசி அச்சகமொன்றில் தாள் சரிபார்க்கும் வேலை எனக்கு. நான்கு நிறங்களும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, தாளின் ஓரத்தில் குட்டிக் கூட்டல் குறி இருக்கும். நாலு நிறக் குறியும் ஒரே குறியாய்த் தெரிந்தால் சரி. நான் சரி என்றால்தான் லோடு வெளியே போகும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

காலண்டர் சீசனில் ஒரு நாள், குறியின் நெட்டுக்கோடு தெளிவாய் இருந்தது. படுக்கைக்கோடு மட்டும் இரண்டாய்த் தெரிந்தது.

"அண்ணே, நீலம் கீழ எறங்கியிருக்கு."

மெஷின்மேன் அண்ணன் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "சரியாத்தான இருக்கு தாயி?"

நான் விடுவேனா? "எனக்குத் தெரியுதுல்ல! ஏத்துங்க."

ஏற்றினார். அப்போதுதான் நிஜமாகவே பிசகியது. கட்டுக்கட்டாய்த் தாள் வீண். மேனேஜர் வந்து அவரைத்தான் வைதார்.

இரண்டு வாரம் இதே கூத்து. பிறகு பஸ் போர்டு எழுத்துக்கும் நிழல் விழ ஆரம்பித்தது. அய்யோ, கண் அவிந்துகொண்டு வருகிறதா? யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் போனவளுக்கு அச்சகத்தில் என்ன வேலை? பயத்தை மறைக்க முன்னைவிடச் சத்தமாகக் குறை சொன்னேன். "ஆன வேஸ்ட் போதும், சனிக்கிழமையோட நீங்க நின்னுக்கிடுங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார் மேனேஜர்.

தெரிந்தவர் கண்ணில் படாமல் விருதுநகர் போய் ஒரு கண் டாக்டரம்மாவைப் பார்த்தேன். வண்டிச் சக்கரத்து ஆரங்கள் மாதிரி கோடு போட்ட அட்டையைக் காட்டி, "எந்தக் கோடு மங்கலா இருக்கு?" என்றார். "எல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்றேன்.

"பொய் சொன்னா கண்ணாடியும் பொய்யாத்தான் வரும்."

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லை, அதனால்தான் ஒரு திசைக் கோடு மட்டும் கலங்குகிறது, குருடெல்லாம் ஆகமாட்டாய், சிலிண்டர் பவர் கண்ணாடி போட்டால் போதும் என்றார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கண்ணாடி போட்ட முதல் இரண்டு நாளும் தரை சரிந்து கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, அண்ணன் ஓட்டிய முதல் தாளைக் கையில் எடுத்தேன். ஒரே குறி. இத்தனை நாளும் நான் ஒதுக்கிய முதல் தாள்களைத் தேடி எடுத்தேன். எல்லாவற்றிலும் ஒரே குறிதான். வாயை மூடிக்கொண்டால் என் வேலை பிழைக்கும். மறுநாள் சனிக்கிழமை.

மேனேஜர் அறைக்குப் போனேன். அண்ணனையும் கூப்பிடச் சொன்னேன். "தப்பு மெஷின்ல இல்ல சார். என் கண்ணுல."

மேனேஜர் கத்துவார் என்று காத்திருந்தேன். அதற்குள் அண்ணன் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"எங் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன் தாயி" என்றார். "வீட்ல கூடச் சொல்லல. போன வாரந்தான் இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு வெள்ளியில கண்ணு வாங்கிப் போட்டுட்டு வந்தேன்."