மூன்றாவது முட்டை

அந்த நாட்களில் வெள்ளவத்தையில் சனிக்கிழமைப் பின்னேரம் என்றால் கோயிலில் நிற்கிற கூட்டத்தைவிடக் கொமினிகேஷனில் நிற்கிற கூட்டம் பெரிது. வெளிநாட்டுக் கோல் வந்து போகிற கடைக்கு அதுதான் பெயர். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் அறை எடுத்து இருந்த எங்களைப் போன்றவர்களிடம் டெலிபோன் ஏது? வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் குறித்த நேரத்துக்கு அந்தக் கடைக்குக் கோல் எடுப்பார்கள். நாங்கள் முன்கூட்டியே போய் வாங்கில் இடம் பிடித்துக் காத்திருப்போம். கனடாக்காரர்கள் விடிய வந்து போய்விடுவார்கள், பின்னேரம் ஐரோப்பாவுக்கு. அங்கே ஒருவருக்கும் பெயர் கிடையாது. "சுவிஸ், ஒண்டாம் நம்பர்!" "ஜேர்மனி, மூண்டாம் நம்பர்!" என்று கடைக்காரர் கூப்பிட, அந்தந்த நாடுகள் எழுந்து ஓடும். நாங்கள் நோர்வே.

நோர்வேயில் இருந்தது என் அண்ணா. சண்டைக்குப் பயந்து அவனை அனுப்பி வைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அப்பா யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குக் காவல். அம்மாவும், ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நானும் கொழும்பில். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் பாண் வாங்கக்கூட வெளியே போகாத வாழ்க்கை. போனில் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டனி?" சுடுதண்ணீர் வைக்கவும் தெரியாமல் விமானம் ஏறிய பிள்ளை அவன். "எல்லாம் சாப்பிடுறன் அம்மா" என்பான். இந்தப் பதில் அம்மாவுக்கு ஒருநாளும் போதவில்லை. எல்லாம் என்றால் எது என்று வீட்டுக்கு வந்து என்னைக் கேட்பார், நான் ஏதோ கூட இருந்து சாப்பிட்டவள் மாதிரி.

ஒரு நாள் அண்ணாவின் நண்பர் ஒருவர் லீவில் வந்தபோது, அவன் தந்துவிட்டதாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே, இரண்டு இரும்புத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று மூடிக்கொள்ளும் ஒரு மின்சாரச் சாமான். தட்டில் ஐந்து இதயங்கள் வட்டமாக, ஒவ்வொன்றிலும் கட்டம் கட்டமாகப் பள்ளம். வாஃபிள் சுடுகிறது என்றார் நண்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் அங்கே பலரும் இதைத்தான் சாப்பிடுவார்களாம்.

"பத்து மணிக்குப் பசிக்கிறதுக்கும் ஒரு மிஷினோ?" என்றார் அம்மா. ஆனால் நண்பர் போனபிறகு அதை மடியில் வைத்துத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். மகன் சாப்பிடுகிற 'எல்லாம்' என்பதில் ஒன்று கடைசியில் கைக்கு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாவுக்குத் தெஹிவளைச் சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண்ணின் தாய் ஒரு பள்ளிக்கூட ரீச்சர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அடுத்த ஊர். மகள் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், கதைக்கும்போது கண்ணைப் பார்த்துக் கதைக்கிற பிள்ளை. சாதகம் பார்த்து, படம் அனுப்பி, எல்லாம் சரி. அண்ணா மட்டும் "பாப்பம் அம்மா, இப்ப என்ன அவசரம்" என்று வழவழா கொழகொழா. வெட்கப்படுகிறான் என்று அம்மா நினைத்தார். ரீச்சர் மகளுக்குப் பாஸ்போட்டும் எடுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, பத்து மணிக்கு வருகிறோம், நீங்கள் ஒரு வாக்குச் சொன்னால் போதும் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் காலத்தில் வாக்கு சின்னக் காரியம் அல்ல. அதை மட்டும் நம்பிப் பெண்ணை விமானம் ஏற்றிவிடுவார்கள். மாப்பிள்ளையை அவள் முதன்முதலாகப் பார்ப்பதே அங்கே போய் இறங்கிய பிறகுதான்.

பத்து மணிக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பத்து மணிச் சாப்பாட்டையே கொடுப்பது என்று அம்மா தீர்மானித்தார். பெண் அங்கே போய்ச் சாப்பிடப்போவதை இங்கேயே ஒருதரம் ருசி பார்த்துக்கொள்ளட்டுமே என்று.

முதல்தரம் எங்களுக்குத் தெரிந்த அப்ப மாவைத்தான் ஊற்றினார். நன்றாகப் புளித்து நுரைத்த மா. அது கட்டத்துக்குக் கட்டம் ஒட்டிப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஈர்க்கை எடுத்து ஒவ்வொரு பள்ளமாகக் கிண்டித் துப்புரவாக்கியவள் நான். அடுத்த சனிக்கிழமை அண்ணாவிடம் கேட்டார். கோதுமை மா, பால், பட்டர், சீனி, ரெண்டு முட்டை, கொஞ்சம் ஏலக்காய் என்றான். ஏலக்காய் என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே, அங்கயும் ஏலக்காய் போடுகினமாம்!" அப்படியே செய்தார். நனைத்த துணி மாதிரி ஒன்று வந்தது. ஏலக்காய் வாசம் மட்டும் நன்றாக இருந்தது.

மறுபடி கொமினிகேஷன். பூத்துக்குள் இரண்டு பேர் நெருக்கித்தான் நிற்கலாம். நான் ரிசீவரின் மறுபக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பேன். "தம்பி, மொறுமொறுப்பா வரேல்லை. உள்ளுக்கும் களி மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா. அந்தப் பக்கம் அமைதி. பிறகு அண்ணா சொன்னான்: "முட்டையில வெள்ளைக்கருவைத் தனிய எடுத்து நுரைக்க அடிச்சு, கடைசியாச் சேக்க வேணும் அம்மா. மூடினாப்பிறகு ஆவி நிக்கிறவரைக்கும் திறக்கக்கூடாது. சுட்டதை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கினா வேர்த்துப் போகும்."

ஒழுங்கையில் நடந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் நின்று கதவுத் திறப்பைத் தேடிக்கொண்டே, "அவனுக்குப் பக்கத்தில ஒரு ஆள் நிக்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இந்த விஷயத்தில் அம்மாவை இலேசாக எடுக்க முடியாது. யாழ்ப்பாணத்துத் தபால் கந்தோரில் பல வருடம் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவர். லைன் போய் வருகிற அமைதி வேறு, ஒரு மனுஷன் கையால் பொத்திப் பிடிக்கிற அமைதி வேறு என்று சொல்வார். "அவன் பொத்திப்போட்டு ஆரையோ கேட்டவன். சுடுதண்ணி வைக்கத் தெரியாதவனுக்கு வெள்ளைக்கருவைப் பற்றி என்ன தெரியும்?" பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏலக்காய் போடுற ஆள். எங்கட தமிழ்ப் பிள்ளையாத்தான் இருக்கும்" என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். அறையில் கூட இருக்கிற பெடியன் யாராவது சமைக்கிறவனாக இருக்கும் என்று நானும் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு இதே ஆராய்ச்சி. முள்ளுக்கரண்டியால் வெள்ளைக்கருவை அடித்து அடித்து என் கை ஓய்ந்துவிட்டது. சுட்டதை அம்மா இடியப்பத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஆறவிட்டார். அடியிலும் காற்றுப் போக, வேர்க்கவில்லை. மொறுமொறுப்பு வந்தது. ஆனால் கையில் எடுத்தால் மண்ணாக உதிர்ந்தது. உள்ளே பஞ்சுத்தன்மை மருந்துக்கும் இல்லை. மாவில்தான் பிழை என்று அம்மாவுக்குப் பட்டது. எங்கள் வீடுகளில் கோதுமை மாவை வாங்கியவுடன் நீத்துப்பெட்டியில் அவித்து, அரித்து, போத்தலில் போட்டுவிடுவோம். பிட்டோ இடியப்பமோ அதில்தான். கோதுமை மா என்று சொன்னால் எங்கள் கை தானாக அந்தப் போத்தலுக்குத்தான் போகும்.

அடுத்த சனிக்கிழமை அம்மா கேட்டார்: "தம்பி, மா அவிச்சதோ, பச்சையோ?"

பொத்துகிற அமைதி. அது நீண்டுகொண்டே போனது. பொத்திய கையையும் தாண்டி, தூரத்தில் ஒரு சிரிப்பு கேட்டது. மாவை எதற்கு அவிக்கவேண்டும் என்று விளங்காத ஒருவரின் சிரிப்பு. அது பெண்குரல் என்று எனக்கே தெரிந்தது. "பச்சை அம்மா, பச்சை" என்றான் அண்ணா அவசரமாக.

வீட்டுக்கு வந்து அம்மா கதிரையில் இருந்தார். "எங்கட பிள்ளை இல்லை. எங்கட பிள்ளை எண்டா உடன சொல்லியிருக்கும்." குரலில் கோபத்தைவிட ஒரு கண்டுபிடிப்பின் சுறுசுறுப்புத்தான் கூட இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. தெஹிவளையில் ஒரு பெண் பாஸ்போட் எடுத்து வைத்துக்கொண்டு இருக்கிறாள், இவன் அங்கே யாரோடோ வாஃபிள் சுடுகிறான்! நேரே கேளுங்கள் என்றேன். "கேட்டா இல்லையெண்டு சொல்லுவான். பிறகு அந்தப் பொய்யை நான் நம்பவேண்டி வரும்" என்றார்.

ரீச்சர் வருவதற்கு முதல்நாள் சனிக்கிழமை. "நோர்வே, ரெண்டாம் நம்பர்!" அண்ணாவின் குரல் அன்றைக்குக் கிணற்றுக்குள் இருந்து வருவது போல எதிரொலித்தது. அம்மா ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "ஸ்பீக்கரில போட்டிருக்கிறான்" என்று எனக்கு மெல்லச் சொன்னார். பச்சை மாவில் நன்றாக வருகிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் பொங்க வேண்டும் என்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவர், திடீரென்று தன்னுடைய பழைய கந்தோர் இங்கிலீஷில், பூத்துக்கு வெளியே நின்ற சுவிஸ்காரருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"சன், டுமோரோ ஐ ஆம் புட்டிங் சிக்ஸ் எக்ஸ்!"

"நோ, நோ! த்ரீ! ஒன்லி த்ரீ!" என்று ஒரு பெண் கத்தினாள்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. இந்த முறை யாரும் பொத்தவில்லை. மூன்று பேரும் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்கள். என்னோடு நாலு பேர். மொழி விளங்காவிட்டாலும் அம்மாவின் குரலையாவது கேட்கவேண்டும் என்று அவள்தான் ஸ்பீக்கரில் போடச் சொன்னாளாம். இது எங்களுக்குப் பிறகு தெரியவந்தது.

"அம்மா..." என்றான் அண்ணா.

"சரி தம்பி, மூண்டு போடுறன்" என்று சொல்லி அம்மா ரிசீவரை வைத்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் மூலைக்கடையில் முட்டை வாங்கினார், அண்ணா சொன்ன இரண்டு அல்ல, மூன்று. "சமைக்கிறவளுக்கு ஒருத்தி பிழையாச் செய்யப் போறாள் எண்டா வாய் சும்மா இராது. எனக்குத் தெரியும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. ஒரே மகன். கலியாண வீட்டுக்கு எந்தச் சேலை என்பதுவரை யோசித்து வைத்திருந்தவர். நாளைக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். வாக்கைக் கொடுத்துவிட்டு அண்ணாவை இழுத்துக்கொண்டு வரலாம் என்று நினைக்கிற தாய்மார் அந்த ஒழுங்கையிலேயே இருந்தார்கள். அண்ணாவும் அம்மா அழுதால் வளைந்து கொடுக்கிறவன்தான். அம்மா அழுதால் போதும், அது நடந்துவிடும். அதுதான் எனக்குப் பயம். "நாளைக்கு மா கரைக்கப் போறன்" என்றார் அம்மா.

வழியில் பாலத்தடியில் ஆமி செக்கிங் என்று ரீச்சரும் மகளும் பிந்தித்தான் வந்தார்கள். இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி வந்த களைப்பு இரண்டு முகத்திலும் இருந்தது. அம்மா மூடியைத் திறக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். மூன்று முட்டையின் நுரையில் மா பொங்கி, கட்டமெல்லாம் பொன்னிறமாக, தட்டை விட்டுத் தானே கழன்று வந்தது. அத்தனை கிழமையில் முதல்தடவையாகச் சரியாக வந்திருந்தது. எனக்கு அந்த நேரத்திலும் சந்தோஷம் பொங்கியது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

மேலே இனிப்புக்குக் கித்துள் பாணி விட்டுக் கொடுத்தோம். ரீச்சரின் மகளான அந்த அக்கா ஒரு இதயத்தைப் பிய்த்து வாயில் வைத்தாள். மொறுக் என்ற சத்தம் எங்களுக்குக் கேட்டது. "வெளியில மொறுமொறுப்பு, உள்ளுக்குப் பஞ்சு மாதிரி இருக்கு, அன்ரி!" என்று கண்ணை விரித்தாள். "இதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

அம்மா கையைச் சேலையில் துடைத்தார்.

"என்ர மருமகள்."

அக்கா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். தன்னைத்தான் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டாள். அந்த வெட்கத்தைப் பார்க்க எனக்குத் தாங்கமுடியவில்லை. ரீச்சருக்குத்தான் முதலில் விளங்கியது.

"எந்த மருமகள்?"

"நோர்வேயில இருக்கிறவள். நேற்றுத்தான் குரலைக் கேட்டனான். எனக்கும் ஒண்டும் தெரியாது, ரீச்சர். இனி உங்களுக்கு வாக்குச் சொன்னா அது பொய்."

ரீச்சர் எழுந்துவிட்டார். ஊரெல்லாம் சொல்லியாயிற்று, பாஸ்போட் எடுத்தாயிற்று, என்ர பிள்ளையை என்னவென்று நினைத்தீர்கள் என்று கேட்டார். கேட்ட ஒவ்வொன்றும் நியாயம். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையை ஆட்டினார். "எழும்பு பிள்ளை, போவம்" என்றார் ரீச்சர்.

அக்கா எழும்பவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அங்க போய் இறங்கினாப்பிறகு இது தெரிய வந்திருந்தா, நான் எங்க அம்மா போயிருப்பன்?" என்று தன் தாயைக் கேட்டாள்.

ரீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்தார். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, திரும்பவும் கதிரையில் இருந்தார். அம்மா இடியப்பத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தார்.