சுமலதாவை அளந்த கதை

சுமலதா யாரையும் வெறுத்ததில்லை. வெறுக்கும் அளவுக்கு ஒரு ஆளைப் பெரிதாக நினைத்தால்தானே! போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில், கார்க் கதவுகளுக்குப் பூட்டு செய்யும் கம்பெனியில், மூன்றாவது லைனில் அளவு பார்ப்பது அவள் வேலை. மெஷினிலிருந்து வரும் பார்ட்டை எடுத்து, மைக்ரோமீட்டரில் வைத்துத் திருகி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சரியில்லை என்றால் "தூ" என்பது போல ஒரு முகத்தைக் காட்டுவாள். அந்த முகத்துக்குப் பயந்து மெஷினை நிறுத்தியவர்கள் உண்டு. திட்டுவதற்குத் தெலுங்கு, கணக்குக்குத் தமிழ், ஓசூரிலிருந்து வரும் பெரிய அதிகாரிகளிடம் எகத்தாளமாக இரண்டு வார்த்தை கன்னடம் என்று மூன்று பாஷையையும் பிரித்து வைத்திருந்தாள்.

பிறந்தது நாகரசம்பட்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் மாந்தோப்பில் கூலிக்குப் போனவர்கள். பத்தாவது முடித்ததும் மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போனாள். பெல்ட்டில் ஓடிவரும் பழத்தில் அழுகலைப் பொறுக்க வேண்டும். "பாதி அழுகலை உடும்மா, கூழுல தெரியவா போவுது" என்றான் மேஸ்திரி. "உன் ஊட்டுப் புள்ளைக்கு ஊத்துவியா?" என்று கேட்டாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. மேஸ்திரி எப்படிப்பட்டவன் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

பூட்டுக் கம்பெனிக்குப் பெட்டி அடுக்கும் வேலைக்குத்தான் வந்தாள். மைக்ரோமீட்டர் பிடிக்க அவளுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் எடுத்துத் திருகித் திருகிப் பார்த்தாள். கம்பெனி வேன் ஓட்டும் புருஷன் ராஜசேகரை விட்டு ஐ.டி.ஐ. பையன்களின் பழைய புத்தகம் ஒன்று வாங்கிவரச் செய்தாள். புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இலக்கம் வரை வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, இரண்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் எல்லாம் அவள் கண்ணில் சின்ன ஆட்களாகிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவள் இன்னும் கான்ட்ராக்ட் ஆள்தான். கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வருஷா வருஷம் ஏஜென்ட் ஆஞ்சப்பன் முன்னால் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவன் வேண்டுமென்றே போனில் பேசிக்கொண்டிருப்பான். லைன் லீடராகிவிட்டால் கம்பெனியின் நிரந்தர ஆள். ஆஞ்சப்பன் முகத்தில் அதற்கப்புறம் முழிக்கத் தேவையில்லை. மூன்றாவது லைனுக்கு லீடர் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த இடத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. வெளியே சொல்லவில்லை. அவள் வேறு எதற்காவது ஆசைப்பட்டு ராஜசேகர் பார்த்ததும் இல்லை.

இந்தத் தடவை வேலையை வைத்து மட்டும் ஆளை எடுக்கப்போவதில்லை என்று ஆட்கள் பிரிவு மேனேஜர் குருமூர்த்தி அறிவித்தார். பெங்களூரிலிருந்து பிரவீனா என்றொரு பெண் வந்து எல்லோருடைய குணத்தையும் அளப்பாள்.

"குணத்தை எந்த கேஜ்ல வெச்சு அளப்பாங்க?" என்று சுமலதா கேட்டதற்குக் கேன்டீனே சிரித்தது.

பிரவீனா கொண்டுவந்த அளவுகோல், அந்த கேஜ், ஒரு காகிதம். அதில் அறுபது வாக்கியங்கள். 'எனக்குச் சட்டென்று கோபம் வரும்.' 'எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்.' 'மற்றவர்களை எளிதில் நம்புவேன்.' ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். துளியும் பொருந்தாது என்றால் ஒன்று, முழுக்கப் பொருந்தும் என்றால் ஐந்து. பயிற்சி ஹாலில் மூன்றாவது லைன் மொத்தமும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தது.

பக்கத்தில் இருந்த முனிலட்சுமி மெல்லச் சாய்ந்தாள். "அக்கா, இதுல எதைப் போடறது?"

"தினமும் சார்ட்டுல எங்கடி புள்ளி வெக்கற?"

"நடுக்கோட்டு மேல."

"ஓரத்துக்குப் போனா?"

"சார் வந்து கத்துவாரு."

"அப்புறம் என்னாத்துக்கு என்னைக் கேட்டுகினு கிடக்கற? நடுவுல போடு."

மெஷின் பக்கத்தில் தொங்கும் சார்ட்டில் நடுக்கோடு என்பதுதான் சரியான அளவு. மேலேயும் கீழேயும் போகப் போக ஆபத்து. வருஷக்கணக்கில் இதே பாடத்தில் பழகிய கைகள். சுமலதா சொன்னது காதோடு காதாக ஹாலைச் சுற்றி வந்தது. கோபமா, மூன்று. நம்பிக்கையா, மூன்று. அறுபதுக்கும் மூன்று. மூன்றாவது லைன் கால்மணி நேரத்தில் முடித்து எழுந்துவிட்டது.

அடுத்த வாரம் குருமூர்த்தி பிரவீனாவையும் கூட்டிக்கொண்டு சிவந்த முகத்தோடு வந்தார். "என்னம்மா இது? லைன்ல இருக்கற அத்தன பேரும் ஒரே மனுஷியா? யாரு வேலை இது?"

"நான்தான் சொன்னேன் சார். சார்ட்டுல நடுவுல இருக்கறதுதான நல்ல ரீடிங்?"

குருமூர்த்தி வாயைத் திறப்பதற்குள் பிரவீனா சிரித்துவிட்டாள். கேலியாகச் சிரிக்கவில்லை என்பதைச் சுமலதா கவனித்தாள், ஆனாலும் மன்னிக்கவில்லை.

"பார்ட்டுக்கு டிராயிங் இருக்குது, இந்த அளவுதான் வேணும்னு. மனுஷருக்கு அந்த மாதிரி டிராயிங் கிடையாது" என்றாள் பிரவீனா. "உயரமா இருக்கறவங்களும் ரிஜெக்ட் இல்ல, குள்ளமா இருக்கறவங்களும் ரிஜெக்ட் இல்ல. குணமும் அப்படித்தான். எல்லாருகிட்டயும் இருக்கும். கூடக் குறைய இருக்கும். அந்தக் கூடக் குறையத்தான் பாக்கறோம்."

"டிராயிங்கே இல்லாம அளக்கறீங்களா மேடம்? எங்க லைன்ல அதுக்கு வேலை இல்லாத வேலைன்னு பேரு."

"யாரு எங்க வித்தியாசப்படறாங்கன்னு தெரியும் இல்லையா?"

"அது கேன்டீன்ல கேட்டாலே தெரியும். இவ முசுடு, அவ சோம்பேறி, அந்தாளு கல்லுளிமங்கன்னு சொல்லிப் போடுவாங்க."

பிரவீனாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இதுவும் அங்கிருந்துதான் வந்துது! மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் என்னென்ன சொல்றாங்களோ அந்த வார்த்தைங்களை எல்லாம் அகராதியிலிருந்து எடுத்தாங்க. எது எதோட சேர்ந்து வருதுன்னு கணக்குப் போட்டாங்க. கடைசியா அஞ்சு பெரிய குணத்துல வந்து நின்னுது. புதுசை ஏத்துக்கறது, பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனசு சட்டுனு கலங்கறது."

ஊர் வம்பைக் கூட்டிப் பெருக்கி ஐந்து மூட்டை கட்டி, அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள் என்று சுமலதா நினைத்தாள். மறுபடியும் காகிதம் கொடுத்தார்கள், இந்தத் தடவை தனித்தனியாக. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. உண்மைதானே வேண்டும், வாங்கிக்கொள்ளுங்கள் என்று பேனாவை அழுத்தினாள். 'மற்றவர்களை எளிதில் நம்புவேன்': ஒன்று. 'பிறர் தவறு செய்தால் பொறுத்துப்போவேன்': ஒன்று. 'எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்': ஐந்து. காகிதம் அங்கங்கே கிழிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பிரவீனா அவளைத் தனியாக உட்கார வைத்தாள். பக்கத்தில் குருமூர்த்தி.

"பொறுப்பு உங்களுக்கு ரொம்ப மேல இருக்குது. இந்தக் கம்பெனியிலேயே இவ்வளவு யாருக்கும் இல்ல. இணக்கம் ரொம்பக் கீழ." பிரவீனா தயங்கினாள். "இது குத்தம் இல்ல. அளவு பாக்கற வேலைக்கு நல்லதுகூட. ஆனா லீடரா இருந்தா, கீழ இருக்கறவங்க தப்பு பண்ணினா உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டாங்க. மறைப்பாங்க."

"எங்கிட்ட எவளும் எதையும் மறைச்சது இல்ல."

சொல்லிவிட்டு நேராக லைனுக்குப் போனாள். முனிலட்சுமியின் முன்னால் நின்றாள். "ஏய், எங்கிட்ட எப்பவாச்சும் பார்ட்டை மறைச்சிருக்கியா?"

முனிலட்சுமி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "மறைச்சிருக்கறேன்க்கா. கீழ உழுந்தது, கீறல் பட்டது எல்லாம் டிபன் பையில போட்டு வெளிய எடுத்துகினு போயிடுவேன்."

"ஏன்டி?"

"உங்ககிட்ட வந்து வாங்கிக் கட்டிக்கறதுக்கு, எடுத்துகினு போறதே மேல். நான் மட்டும் இல்லக்கா, எல்லாரும்தான்."

இத்தனை நாள் சார்ட்டில் அவள் காட்டிய சுத்தத்துக்கு இதுதான் காரணமா? அழுகை வரவில்லை. அவளுக்கு வந்தது தன் மேலேயே ஒரு இளக்காரம். அது அவளுக்குப் புதுசு.

சாயங்காலம் குருமூர்த்தி கூப்பிட்டார். அவருக்கு வேண்டியது லைன் ஓடுவது. குணம் அளப்பதெல்லாம் சென்னைத் தலைமை ஆபீஸுக்குக் காட்டுவதற்கு. குரலைத் தாழ்த்தினார். "சுமா, உன்ன மாதிரி வேலைக்காரி எனக்குக் கிடைக்காது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்றேன், இன்னொரு தடவை எழுதிக் குடு. கொஞ்சம் யோசிச்சு எழுது. மூணு நாலுன்னு போடு, போதும். லீடர் நீதான்."

காதில் போனோடு ஆஞ்சப்பன் அவள் கண்ணுக்குள் வந்து போனான். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"முதல் தடவை கேஜைப் பிடிக்கத் தெரியாம அளந்தது, அது செல்லாது" என்றாள். "ரெண்டாவது சரியா அளந்தது. மூணாவது அளந்தா, நமக்கு வேணுங்கற ரீடிங் வர்ற வரைக்கும் அளக்கறது சார். லைன்ல எவளாச்சும் அதைப் பண்ணினா நானே அவ அட்டையைப் புடுங்கி உங்க மேசையில போட்டிருப்பேன்."

"இது வேற, அது வேறம்மா."

"உங்களுக்கு வேற."

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே ராஜசேகர் கேட்டான்: "உன் குணம் என்னன்னு கண்டுபிடிக்க அறுபது கேள்வியா? என்னை ஒண்ணு கேட்டிருந்தா போதுமே."

"உன் வேன் எத்தனை கிலோமீட்டர் குடுக்குதுன்னே உனக்குத் தெரியாது. நீ என்னை அளக்கப் போறியா?" என்றாள். அவன் அதற்கப்புறம் குழம்பைப் பற்றி மட்டும் பேசினான்.

லீடர் வேலை, இணக்கத்தில் மேலே வந்திருந்த முனிலட்சுமிக்குப் போனது. அவள் பதவிக்கு வந்த முதல் வாரமே ரிஜெக்ட் கணக்கு மளமளவென்று ஏறியது. பெண்கள் கீறல் விழுந்ததைக் கூசாமல் எடுத்துக் காட்டினார்கள்; முனிலட்சுமி "சரி விடுடி, அப்படி வை" என்று வாங்கி வைத்தாள். குருமூர்த்தி சார்ட்டைப் பிடுங்கிக்கொண்டு சுமலதாவிடம் ஓடிவந்தார்.

"பாத்தியா? அவளைப் போட்டதும் லைனே கெட்டுப்போச்சு!"

அப்போது அவள் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், லீடர் வேலை அவளுக்கே வந்திருக்கும். சுமலதா மைக்ரோமீட்டரைத் துணியால் துடைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கெட்டுப்போகல சார். எங்கிட்ட வராம இருந்தது இப்ப வருது. ஏறுதுன்னு மட்டும் பாக்கறீங்களே, எதுக்கு ஏறுதுன்னு பாக்க மாட்டீங்களா? மேனேஜர்னு பேரு மட்டும் வெச்சிகினு."

அந்த வருஷமும் அவள் அட்டையை நீட்டிக்கொண்டு ஆஞ்சப்பன் முன்னால் நின்றாள். அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.