நிதியிடமும் கேட்க வேண்டிய கேள்வி

அவள் விரல்கள் கணினியில் ஒரு வரியை அடித்தன, பாதியை அழித்தன, வேறு சொல் போட்டு மீண்டும் அடித்தன. நுரையீரல் நோயாளிகளுக்கு இலவச மருத்துவம் பார்க்கும் அறக்கட்டளையில் அவள் கணக்காளர். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து, கணக்கைத் தானே படித்துக் கற்றவள். ரசீது இல்லாமல் தலைவருக்கே பணம் தரமாட்டாள் என்பதால் 'கறார் அக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தலைவருக்காக அவள் அடிக்கும் இந்த ஒரு பக்கத் திட்டத்துக்குக் காரணம் போன வாரம் நடந்த ஒரு வேடிக்கை. அறக்கட்டளையின் சேமிப்பைப் பங்குகளில் போட்டுவைத்திருக்கும் முதலீட்டு நிறுவனத்தின் முகவர், கையெழுத்து வாங்க வந்தவர், நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அங்கே நர்ஸ், கணக்காளரின் நாத்தனார். பெஞ்சில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் விசாரணை தொடங்கிவிடும்.

"வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"வீட்ல யாருமில்லைங்க," என்று சிரித்தார் முகவர். "உங்க முதலீட்டுலதான் ரெண்டு சிகரெட் கம்பெனி இருக்கு."

நாத்தனார் நேரே கணக்கு அறைக்கு வந்தாள்.

"நல்லா இருக்கு அண்ணி. இருமலுக்கு மருந்து குடுக்கிறதும் நாம, இருமலை விக்கிறதும் நாமளா?"

"லாபம் எவ்வளவுன்னு பார்த்தேன். எதுலேருந்து வருதுன்னு பார்க்கல."

"எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ மட்டும் சம்பளம் எங்கேருந்து வருதுன்னு துருவித் துருவிக் கேட்டீங்களே."

ஓய்வுபெற்ற டாக்டரான தலைவர் விஷயத்தைக் கேட்டதும், "இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துடும்மா," என்றார். கறார் அக்கா தலையாட்டவில்லை. கடைசியாகப் போட்ட தொகையைத் தவணை முடியுமுன் எடுத்தால் அபராதம் உண்டு. அந்த அபராதம், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்கு ஆக்சிஜன் கொண்டுபோகும் வண்டியின் ஒரு வருடச் செலவு. நாம் கைகழுவிக்கொள்வதற்காக மூச்சு முட்டப்போவது அவர்களுக்கு.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேற வழி சொல்லு. இல்லேன்னா எடுத்துடலாம்," என்றார் தலைவர்.

முகவரைப் பிடித்து உலுக்கினாள். பழைய தொகைக்கு அபராதம் கிடையாது என்பது தெரிந்தது. சிகரெட், சுரங்கம், புகை கக்கும் ஆலை எதிலும் பணம் போடாத நிதி ஒன்றும் இருந்தது. வருமானம் சற்றுக் குறைவு. வண்டிக்கும் சம்பளத்துக்கும் ஒரு வருடத்துக்குத் தேவையானதை வங்கி வைப்பில் வைத்துவிட்டால் அந்தக் குறைவைத் தாங்கலாம்.

வெள்ளிக்கிழமை தலைவர் அறையில் அதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பழைய தொகை இப்போதே மாறும். மிச்சம், தவணை முடிகிற அன்று.

"அதுவரைக்கும் அந்தக் காசு நம்ம பேர்லதானே இருக்கும்?"

"ஆமா டாக்டர். நாலு மாசம்."

"யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"கேட்கிறவரைக்கும் ஏன் காத்திருக்கணும்? நன்கொடை குடுத்தவங்களுக்கு நாமளே எழுதிடலாம். எங்கே போட்டிருந்தோம், என்னைக்கு வெளியே வர்றோம், எல்லாத்தையும்."

"நன்கொடை குறைஞ்சா?"

"குறையலாம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருஷா வருஷம் யார் பார்க்கிறது, என்னென்ன கம்பெனின்னு?"

"நானும் நர்ஸும். கடைசி வரியில போட்டிருக்கேன்."

"அந்தப் பொண்ணா? முகவர் பாடு திண்டாட்டம்தான்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, எழுத்து அவர் பக்கம் இருக்குமாறு திருப்பி, அவள் அந்த ஒரு பக்கத் தாளைக் கொடுத்தாள்.