மேனேஜரின் காயை வெட்டினேன்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலையில் பில் போடுகிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். சூப்பர்வைசர் வேலை காலியானபோது, உடன் வேலை பார்க்கும் செல்வி சொன்னாள்: "அக்கா, மேனேஜர் சார் சாயங்காலம் நம்ம ஆளுங்களோட போன்ல லூடோ ஆடுறார்ல, நீங்களும் சேருங்க. அப்பதான் உங்க பேராவது அவருக்கு ஞாபகம் இருக்கும்."

சேர்ந்தேன். ஒருநாள் மேனேஜரின் கடைசிக் காய் வீடு சேரப்போகும் நேரத்தில் அதை வெட்டி, நான் ஜெயித்தேன். சந்தோஷத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி போன் மைக்கில் கத்தியேவிட்டேன்.

செல்வி உடனே எனக்குத் தனியாகப் போன் போட்டாள். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? சார் காயை யாராச்சும் வெட்டுவாங்களா? நாங்கல்லாம் வேணும்னேதான் தோக்குறோம். மொதல்ல சாரி சொல்லுங்க."

பயந்துபோய், வாட்ஸ்அப் குரூப்பில் 'சாரி சார்' என்று போட்டேன்.

"பரவால்லம்மா. உங்களுக்கு இன்னும் டீம் ஒர்க் பழகல" என்று பதில் வந்தது.

அந்த வேலை, தினமும் அவரிடம் தோற்ற ஒருவனுக்குப் போனது. நெல்லில் ஈரம் பார்க்கக்கூட அவனுக்குத் தெரியாது.

வேலை கிடைக்காததுகூட ஆறிவிட்டது. ஒழுங்காக ஆடி ஜெயித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேனே, அதுதான் இன்னும் எரிகிறது.